பதற்றம் மாதச் சுழற்சியோடு வருகிறதா? ஈஸ்ட்ரோஜனும் செரோடோனினும் சேர்ந்து செய்வதைக் குறிப்பெழுதிக் கண்டறியும் முறை

மாதத்தில் சில நாட்கள் மட்டும் காரணம் தெரியாமல் நெஞ்சு படபடப்பதும், நடக்காத ஒன்றை நினைத்து நினைத்து உறக்கம் கெடுவதும், மாதவிடாய் தொடங்கிய ஓரிரு நாட்களில் அத்தனையும் விலகிவிடுவதும் பல பெண்கள் அறிந்த அனுபவம். இன்னும் சிலருக்கு, அதுவரை எதற்கும் கலங்காமல் இருந்தவர்களுக்கே, நாற்பதைக் கடந்த பின் இந்தப் பதற்றம் புதிதாக வந்து சேர்கிறது. வீட்டில் இருப்பவர்கள் இதைக் குணக்கேடு என்கிறார்கள்; அவசரத்தில் இருக்கும் மருத்துவர் ஒரு சத்து மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். இரண்டுமே அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் இந்தப் பதற்றத்துக்கு மூளையில் தெளிவான உடலியல் அடிப்படை இருக்கிறது. அது உங்கள் விஷயத்திலும் பொருந்துகிறதா என்று கண்டறிய விலையுயர்ந்த பரிசோதனை எதுவும் வேண்டாம். இரண்டு மாதம் ஒழுங்காக எழுதிய குறிப்பேடு போதும். அதை எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது, மருத்துவரிடம் எப்படி எடுத்துச்செல்வது என்பதே இக்கட்டுரை.

முதலில் மூளையில் நடப்பதை அறிந்துகொள்ளுங்கள்

நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் மூளையிலும் உண்டு என்பதை 1953இல் பெட்டி ட்வாராக் என்ற ஆய்வாளர் இர்வின் பேஜுடன் சேர்ந்து காட்டினார். உடலில் உள்ள செரோடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. அது மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தலையின் பின்புறம், மூளைத்தண்டின் நடுக்கோட்டில் ரேஃபே எனப்படும் நரம்பணுக் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் நரம்பிழைகள் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா, அந்த அச்சத்தை நிதானப்படுத்தும் முன்மூளைப் புறணி உட்பட மூளையின் பெரும்பகுதிக்கும் செரோடோனினைக் கொண்டு சேர்க்கின்றன.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், குறிப்பாகச் சினைப்பையில் சுரக்கும் எஸ்ட்ராடியால், இந்த ஏற்பாட்டைப் பல இடங்களில் தொடுகிறது. உணவிலிருந்து வரும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைச் செரோடோனினாக மாற்றும் முதற்கட்ட நொதி டிரிப்டோபன் ஹைட்ராக்சிலேஸ். சினைப்பை அகற்றப்பட்ட குரங்குகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது ரேஃபே பகுதியில் இந்த நொதியின் உற்பத்தி கூடியது. வேலை முடிந்த செரோடோனினைச் சிதைக்கும் மோனோ அமைன் ஆக்சிடேஸ் ஏ என்ற நொதியை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைக்கிறது. செரோடோனின் அணுக்கள் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் 1ஏ வகை ஏற்பிகளின் பிடியையும் அது தளர்த்துகிறது. தயாரிப்பு கூடுகிறது, சிதைவு குறைகிறது, கட்டுப்பாடு தளர்கிறது. மூன்றும் சேர்ந்து செரோடோனின் கூடுதலாக, கூடுதல் நேரம் வேலை செய்ய வழிசெய்கின்றன.

ஈஸ்ட்ரோஜனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என்று இரு முதன்மை வகைகள் உண்டு. 1996இல்தான் அறியப்பட்ட பீட்டா ஏற்பி ரேஃபே பகுதியில் நிறைந்திருக்கிறது. அந்த ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட பெண் எலிகள் கூடுதலாக அஞ்சின. அதை மட்டும் தூண்டும் மருந்தைப் பெற்ற எலிகளின் அச்சம் குறைந்தது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் கூடினால் எப்போதும் அமைதி, குறைந்தால் எப்போதும் பதற்றம் என்று நேர்கோடு போட்டுவிட முடியாது; எந்த ஏற்பி, எந்த நேரம், எவ்வளவு விரைவான மாற்றம் என்பதெல்லாம் கணக்கில் வருகின்றன.

மனிதர்களிடம் கிடைத்த சான்றுகளில் இரண்டு முக்கியமானவை. இரண்டுமே கனடாவின் டொரொன்டோவில், பெட் ஸ்கேன் மூலம் உயிருள்ள மூளையில் செரோடோனினைச் சிதைக்கும் அந்த நொதியை அளந்த ஆய்வுகள். 2010இல் வெளியான ஆய்வில், பிரசவமாகி 4 முதல் 6 நாட்களே ஆன, நோய் எதுவும் இல்லாத தாய்மார்களின் மூளையில் அந்த நொதி மற்றப் பெண்களைவிடச் சராசரியாக 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன் செங்குத்தாகச் சரியும் நாட்கள் அவை. 2014இல் வெளியான ஆய்வில், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய தடுமாற்றக் காலத்தில் இருந்த பெண்களிடம் அது இளம்பெண்களைவிட 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. மாதவிடாய் முற்றிலும் நின்றுபோனவர்களைவிடவும் அது 16 சதவீதம் கூடுதல் என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவாக இருப்பது நின்றுபோனவர்களிடம்தான். ஆனால் நொதி உச்சத்தில் இருப்பது ஏறி இறங்கித் தடுமாறுபவர்களிடம். மூளையைக் கலைப்பது குறைந்த அளவைவிட, அளவின் அலைச்சலே.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. மாதவிடாய்க்கு முன் கடும் மனக்கலக்கம் அடையும் பெண்களுக்குச் சினைப்பையின் சுரப்பை மருந்தால் நிறுத்தியபோது பலருக்குக் கலக்கம் அடங்கியது. பிறகு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ வழக்கமான அளவில் திரும்பக் கொடுத்தபோது அது மீண்டும் தலைதூக்கியது. அத்தகைய கலக்கம் இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோன்கள் அதே அளவில் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. அதாவது இவர்களின் ஹார்மோன் அளவு பிறழ்ந்தது அல்ல. இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு இவர்கள் மூளை கூடுதலாக ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால் உங்கள் பதற்றம் பொய்யாகிவிடாது. ஒரு நாளின் எண் எதையும் சொல்லாது என்பதால்தான் பல நாட்களின் குறிப்பு தேவைப்படுகிறது.

குறிப்பேட்டை எழுதும் முறை

கைபேசிச் செயலி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதும் மாதக் காலண்டரின் கட்டங்களே இதற்குப் போதும்; மற்றவர் கண்ணில் பட வேண்டாம் என்றால் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாளை 1 என்று குறித்து, அடுத்த மாதவிடாய் வரை நாட்களை வரிசையாக எண்ணுங்கள். முதல் நாளுக்கு முன் வரும் இலேசான கறையை 1 என்று எண்ண வேண்டாம். தனியாகக் குறித்தால் போதும்.

ஒவ்வொரு நாளும் இரவு படுக்கப் போகுமுன், அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். பதற்றம், எரிச்சல், மனச்சோர்வு, உறக்கக் கேடு ஆகிய நான்குக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் கொடுங்கள்: 1 என்றால் அறவே இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. படபடப்பு, வியர்வை, மூச்சுத் திணறல் போன்ற உடல் அறிகுறி இருந்தால் ஒரு சொல்லில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதற்றத்தால் அன்று எந்த வேலை நின்றது என்பதையும் எழுதுங்கள். அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்தது, பிள்ளையைப் பள்ளியில் விட வண்டி ஓட்ட அஞ்சியது, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தது போன்றவை மருத்துவருக்கு மதிப்பெண்ணைவிடவும் அதிகம் சொல்லும். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பும் குறிப்பு பயன்படாது, ஏனெனில் மாதவிடாய்க்கு முன்தான் வந்தது என்ற நம்பிக்கையே நினைவை வளைத்துவிடும்.

பதற்றத்தைக் கூட்டக்கூடிய மற்றவற்றையும் ஓரத்தில் குறிப்பது கட்டாயம். எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், எத்தனை காபி அல்லது தேநீர் குடித்தீர்கள், அன்று வீட்டிலோ வேலையிலோ பெரிய சச்சரவு நடந்ததா என்பவை அவை. எல்லா மாத்திரைகளையும் பெயரோடு எழுதுங்கள். இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை நாரெத்திஸ்டிரோன் என்ற, புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்த ஹார்மோன். அதை எடுத்த மாதத்தின் சுழற்சி உங்கள் இயல்பான சுழற்சி அல்ல. அந்த மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு மாதம் எழுதுங்கள். இரத்தம் உறைந்து அடைத்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சினைப்பையின் சொந்த ஏற்ற இறக்கம் அடங்கியிருக்கும். அவர்கள் அட்டையில் எத்தனையாவது மாத்திரை என்பதையும், இடைவெளி விடும் நாட்களையும் குறிக்க வேண்டும். அம்மாத்திரை உடலில் காஃபின் தங்கும் நேரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் என்பதால், முன்பு ஒத்துக்கொண்ட அதே இரண்டு டம்ளர் காபி இப்போது படபடப்பைத் தரலாம்.

எழுதியதைப் படிக்கும் முறை

இரண்டு முழுச் சுழற்சிகள் முடிந்தபின் பின்னோக்கி எண்ணுங்கள். சுழற்சி 26 நாளாக இருந்தாலும் 33 நாளாக இருந்தாலும், முட்டை வெளியேறிய பின் வரும் பாதி பெரும்பாலும் 12 முதல் 14 நாட்களே நீள்கிறது, மாறுவது முதற்பாதிதான். ஆகவே அடுத்த மாதவிடாய்க்கு முந்தைய நாளை −1 என்று வைத்து அங்கிருந்து பின்னால் எண்ணினால்தான் இரு மாதங்களையும் ஒப்பிட முடியும்.

ஒப்பிடுவதற்கு ஹார்மோன் ஓட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களில் எஸ்ட்ராடியால் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 30 முதல் 50 பிகோகிராம் என்ற தாழ்ந்த அளவில் இருக்கும். முட்டை வெளியேறுமுன் 200 முதல் 400 வரை ஏறும். உடனே சரிந்து, புரோஜெஸ்டிரோனுடன் சேர்ந்து மறுபடி ஓரளவு உயர்ந்து, மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் இரண்டும் ஒன்றாக இறங்கும். புரோஜெஸ்டிரோனிலிருந்து மூளையில் உருவாகும் அல்லோபிரெக்னனலோன், காபா என்ற இன்னோர் அமைதிப்படுத்தும் அமைப்பின் மீது வேலை செய்கிறது. எனவே கடைசி வாரத்தின் கலக்கத்துக்குச் செரோடோனின் மட்டுமே பொறுப்பு என்று சொல்வது முழு உண்மை ஆகாது.

−7 முதல் −1 வரையிலான பதற்ற மதிப்பெண்ணின் சராசரியை, மாதவிடாய் ஓய்ந்த பின் வரும் 6 முதல் 12 வரையிலான நாட்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். முன்னது 4, 5 என்றும் பின்னது 1, 2 என்றும் இரண்டு மாதங்களிலும் வந்தால் பதற்றம் சுழற்சியைப் பின்தொடர்கிறது என்று கொள்ளலாம். அது வேலையையும் உறவுகளையும் முடக்கும் அளவுக்குப் போனால் பி.எம்.டி.டி. என்ற மாதவிடாய் முன் மனநிலைக் கோளாறாக இருக்கக்கூடும். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 வகைப்பாடு அதைத் தனி நோயாக ஏற்றது. அதை உறுதிசெய்யக் குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு நாள்தோறும் எழுதிய குறிப்பு வேண்டும் என்றும் அதுவே கேட்கிறது. உங்கள் நோட்டு ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டது.

மாதம் முழுவதும் 4, 5 என்றே இருந்து கடைசி வாரத்தில் 6 ஆனால், அது வேறு. பதற்ற நோய் தனியாக இருக்கிறது, சுழற்சி அதைக் கூட்டுகிறது என்பதே அதன் பொருள். அதற்கான சிகிச்சை மாதம் முழுவதற்குமாக இருக்க வேண்டும். ஏற்ற இறக்கத்துக்கும் சுழற்சிக்கும் தொடர்பே தெரியாவிட்டால், ஹார்மோனைத் துரத்துவதை விட்டுவிட்டு மற்றக் காரணங்களைத் தேடுங்கள்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. மேலை நாடுகளில் இது 51. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தடுமாற்றம் தொடங்கிவிடும் என்பதால், 41, 42 வயதில் வரும் புதிய பதற்றத்தை மாதவிடாயோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளத்தில் 7 நாட்களோ அதற்கு மேலோ வேறுபாடு திரும்பத் திரும்ப வந்தால் தடுமாற்றக் காலம் தொடங்கிவிட்டது என்றும், 60 நாட்களோ அதற்கு மேலோ மாதவிடாய் வராமல் போனால் அதன் பிற்பகுதியை அடைந்துவிட்டீர்கள் என்றும் கொள்வது மருத்துவ மரபு. இக்காலத்தில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் எஃப்.எஸ்.எச். பரிசோதனைக்குப் பணம் செலவிட அவசரப்பட வேண்டாம். அந்த அளவு வாரத்துக்கு வாரம் மாறும். 45 வயதைக் கடந்தவர்களுக்கு அறிகுறிகளைக் கொண்டே முடிவு செய்யலாம் என்று பிரிட்டனின் நைஸ் என்ற அரசு மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

வெப்ப அலையையும் பதற்றத் தாக்குதலையும் பிரித்துக் குறிக்கப் பழகுங்கள். மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் சூடு ஏறி, சில நிமிடங்களில் வியர்த்து, பின் குளிர்ந்தால் அது வெப்ப அலை. இதயம் படபடக்கும் என்றாலும் அச்சம் பின்னால்தான் வரும். அச்சம் முதலில் வந்து, செத்துவிடுவோம் என்ற எண்ணம் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டினால் அது பதற்றத் தாக்குதல். மார்பில் அழுத்தும் வலியோ, கையிலோ தாடையிலோ பரவும் வலியோ, நடந்தால் கூடும் மூச்சிரைப்போ இருந்தால் குறிப்பேட்டைத் திறக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெண்களின் மாரடைப்பைப் பதற்றம் என்று எண்ணி நேரம் கடத்துவது இன்றும் நடக்கிறது.

கருப்பையோடு சினைப்பைகளையும் அகற்றிக்கொண்டவர்களுக்கு இந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் நிகழாமல் ஒரே அறுவையில் நிகழ்ந்துவிடுகிறது. கருப்பையை அகற்றிக்கொண்ட எல்லோரும் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து, சினைப்பை எடுக்கப்பட்டதா, விடப்பட்டதா என்பதை உறுதிசெய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பலருக்கு அது சொல்லப்படுவதே இல்லை.

மருத்துவரிடம் எடுத்துச்செல்லும்போது

தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12 ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மிகைத் தைராய்டும் இரத்தசோகையும் தரும் படபடப்பு பதற்றத்தைப் போலவே இருக்கும். மாதவிடாயில் அதிக இரத்தம் இழப்பவர்களிடம் இரத்தசோகையின் படபடப்பும் பதற்றமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பிறகு குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, "டாக்டர், இரண்டு மாதமும் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இப்படி ஏறுகிறது, இந்த இந்த வேலைகள் நின்றன" என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். மகப்பேறு மருத்துவர், மனநல மருத்துவர் இருவரில் யாரிடம் தொடங்கினாலும் சரி. ஒருவர் கேட்க மறுத்தால் மற்றவரிடம் போகத் தயங்காதீர்கள்.

செரோடோனின் மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் மாதவிடாய் முன் கலக்கத்துக்கு நன்கு நிறுவப்பட்ட சிகிச்சை. மனச்சோர்வில் பலன் தெரியப் பல வாரங்கள் பிடிக்கும் இதே மருந்து, இங்கே சில நாட்களிலேயே வேலை செய்யத் தொடங்குகிறது. அதனால் சிலருக்குச் சுழற்சியின் பிற்பாதியில் மட்டும் எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், ஏனெனில் பராக்ஸிடின், ஃபுளூவாக்ஸிடின் ஆகிய எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் அதன் செயலைக் குறைக்கக்கூடும். வலிக்கான டிரமடால் போன்ற மருந்துகளோடு எஸ்.எஸ்.ஆர்.ஐ. சேரும்போது செரோடோனின் மிகையாகும் ஆபத்து உண்டு. தொடங்கிய மருந்தைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை பதற்றத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல. வெப்ப அலைக்கும் இரவு வியர்வைக்கும் அது முதன்மைச் சிகிச்சை. தடுமாற்றக் காலத்து மனச்சோர்வில் அதன் பலனுக்குச் சான்றுகள் உண்டு: 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 172 பெண்களில் தோலில் ஒட்டும் எஸ்ட்ராடியால் பட்டையும் இடையிடையே புரோஜெஸ்டிரோனும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 17.3 சதவீதத்தினருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 32.3 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் தோன்றின. கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பை உட்சவ்வில் புற்று உண்டாகும் அபாயம் கூடும் என்பதால் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், இரத்த உறைவு, கடும் கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் இந்த வழி பொதுவாக மூடப்படும்.

வீட்டில் செய்யக்கூடியவை

வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கிறது, சாப்பிட்டால் மனம் அமைதியாகும் என்று சுற்றிவரும் செய்திகளை நம்பி ஏமாற வேண்டாம். உணவிலுள்ள செரோடோனின் மூளையை எட்டாது. டிரிப்டோபன் எட்டும். அது பருப்பு, பால், முட்டை, மீன் என்று அன்றாடச் சாப்பாட்டிலேயே கிடைக்கிறது. தனியாக மாத்திரை வாங்கத் தேவையில்லை, எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுப்பவர்கள் வாங்கவும் கூடாது. குறிப்பேடு காட்டும் கடினமான வாரத்தில் பகல் பன்னிரண்டுக்குப் பின் காபியை நிறுத்துவதும், ஒரே நேரத்தில் உறங்கி எழுவதும், வேர்க்கும் அளவுக்கு அரை மணி நேரம் நடப்பதும் உண்மையான பலன் தருபவை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் சி.பி.டி. என்ற உளவியல் சிகிச்சைக்கும் நல்ல சான்று உண்டு. தள்ளிவைக்கக்கூடிய பெரிய முடிவுகளையும் கடினமான பேச்சுகளையும் 6ஆம் நாளுக்குப் பின் வையுங்கள். வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அந்த வாரத்தின் தேதிகளை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிரசவமான பின் இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீளும் பதற்றத்துக்குக் குறிப்பேடு எழுதிக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். தாய்க்கு உறக்கமே வராமல் பேச்சும் நினைவும் குழம்பினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். எந்த வயதிலும், எந்த நாளிலும், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் பேசலாம். டெலி மானஸில் தமிழிலேயே பேச முடியும்.

சிகிச்சை தொடங்கிய பிறகும் அடுத்த இரண்டு சுழற்சிகளுக்கு அதே 1 முதல் 6 மதிப்பெண்ணில் எழுதுவதைத் தொடருங்கள். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் ஆகியவற்றைச் சுழற்சி நாளோடு சேர்த்துக் குறித்துக்கொண்டு, −7 முதல் −1 வரையிலான சராசரி முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதை மறுசந்திப்பில் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா, அப்படியே தொடர்வதா என்பதை அந்த இரண்டு எண்களையும் வைத்து அவரோடு சேர்ந்து முடிவு செய்யலாம்.